எல்லென்ஸ்பர்கில் இறங்கியவர்

அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலில் ஒவ்வொரு வெளியூர்த் தொடருக்கு முன்பும் ஒரு சின்னக் குறிப்பு வரும். கடைசிப் பத்து ஆட்டங்களில் ஏழு வெற்றி, மூன்று தோல்வி. மூன்றாம் பேஸில் நிற்கிற பையன் நல்ல ஃபார்மில் இருக்கிறான். முதல் ஆட்டத்தில் இன்னார் பந்து வீசுவார். அணி திங்கட்கிழமை பஸ் ஏறுகிறது. நாலைந்து வரி, அவ்வளவுதான். உள்ளூர்க்காரர்கள் தவிர வேறு யாரும் படிக்கமாட்டார்கள்.

நான் படிப்பேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் ஒரு விசித்திரம் தெரியும். ஃபார்ம் என்றால் நமக்கு ஒரு பொருள் இருக்கிறது. ஒரு அணி தொடர்ந்து ஜெயித்தால் அதே பதினோரு பேரை வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும். ஜெயிக்கிற கூட்டணியைக் கலைக்காதே என்பது நமக்குப் பாலபாடம். மைனர் லீக்கில் தலைகீழ். யார் நன்றாக ஆடுகிறாரோ அவரை உருவி மேல் மட்டத்து அணிக்கு அனுப்பிவிடுவார்கள். அதுதான் அந்த அணிகள் இருப்பதற்கே காரணம். ஆக, கடைசிப் பத்தில் ஏழு வெற்றி என்ற கணக்கைச் சம்பாதித்துக் கொடுத்த ஆள், பதினோராவது ஆட்டத்துக்கு அந்த பஸ்ஸில் இருப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அணியின் ஃபார்ம் என்று நாம் படிப்பது, சரியாகச் சொன்னால், கிளம்பப்போகிறவர்கள் விட்டுச்செல்லும் கணக்கு.

இந்த விசித்திரம் ஒரே ஒருமுறை உயிர்ப் பிரச்சினை ஆனது. 1946 ஜூன் 24, திங்கட்கிழமை. இடம், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலம். அணியின் பெயர் ஸ்போகேன் இண்டியன்ஸ்.

*

முதலில் அந்த வருஷத்தைப் பற்றி. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த முதல் பேஸ்பால் பருவம் அது. போர்க்காலத்தில் இளைஞர்கள் எல்லாரும் ராணுவத்துக்குப் போய்விட்டதால் சிறு ஊர்களின் லீக்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஸ்போகேன் ஆடிய வெஸ்டர்ன் இன்டர்நேஷனல் லீக்கும் 1942க்குப் பிறகு நின்றுபோனது. 1946இல் மறுபடி தொடங்கியது. நாடு முழுக்க இதே கதைதான். போர் நடந்த நாட்களில் ஏறக்குறைய பத்தாகச் சுருங்கிப்போயிருந்த மைனர் லீக்குகள் அந்த வருஷம் நாற்பதைத் தாண்டின. மூன்று வருஷம் கழித்து, 1949இல், 59 லீக்குகள். கிட்டத்தட்ட 4 கோடிப் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வருவதற்கு முந்தைய காலம். மாலையில் ஒரு மர கேலரியில் உட்கார்ந்து ஊர்ப் பையன்கள் ஆடுவதைப் பார்ப்பதைவிடப் பெரிய பொழுதுபோக்கு சிறு ஊர்களில் கிடையாது.

இந்த லீக்குகளுக்குப் படிநிலை உண்டு. அப்போது ட்ரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ, பி, சி, டி என்று ஆறு படிகள். அதற்கெல்லாம் மேலே மேஜர் லீக். ஸ்போகேன் இருந்தது பி படியில். கீழிருந்து மூன்றாவது. அங்கே ஆடியவர்கள் இரண்டு வகை. மேலே போய்க்கொண்டிருக்கும் பையன்கள். மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கீழே வந்துகொண்டிருக்கும் பெரியவர்கள். 

விக் பிசெட்டிக்கு 18 வயது. சான் பிரான்சிஸ்கோ பக்கத்துப் பையன், முதல் பேஸ் ஆட்டக்காரர், பெரிய ஆளாக வருவான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த பெயர். ஓக்லாண்ட் அணி அவரை அனுபவத்துக்காக ஸ்போகேனுக்கு அனுப்பியிருந்தது. கிறிஸ் ஹார்ட்ஜி மறுமுனை. 1939இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகச் சில ஆட்டங்கள் கேட்சராக நின்றவர். முப்பது வயதைக் கடந்து, சமீபத்தில்தான் ஸ்போகேனில் வந்து சேர்ந்திருந்தார். பென் ஜெராட்டி 1936இலேயே டாட்ஜர்ஸுக்கு ஆடியவர். 33 வயதில் ஒரு பி லீக் அணியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். மேலாளர் மெல் கோல் தானே கேட்சராகவும் ஆடினார். தனியாக ஒரு மேலாளருக்குச் சம்பளம் கொடுக்கிற வசதியெல்லாம் இந்தப் படியில் இருக்காது. இவர்களில் பெரும்பாலோர் போருக்குப் போய்த் திரும்பியவர்கள்.

மூன்றாம் பேஸில் ஜாக் லோர்க்கி. 22 வயது. லாஸ் ஏஞ்சலஸ்காரர். நார்மண்டியிலும் பல்ஜ் யுத்தத்திலும் நின்றுவிட்டு, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வந்தவர். அந்த ஜூனில் அவருடைய அடிப்புச் சராசரி 0.345.

இந்த எண்ணுக்கு ஒரு விளக்கம் தேவை. கிரிக்கெட் சராசரி மாதிரி இதில் ரன் கணக்கு வராது. மட்டையோடு போய் நின்ற தடவைகளில் எத்தனை தடவை பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார் என்கிற விகிதம்தான் இது. 0.300 வந்தாலே நல்ல ஆட்டக்காரர். 200 தடவை நின்ற இரண்டு பேரை எடுத்துக்குங்க. 0.345 வைத்திருப்பவர் 69 முறை அடித்திருப்பார். 0.300 வைத்திருப்பவர் 60 முறை. இரண்டரை மாதத்தில் ஒன்பது அடி வித்தியாசம். கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது. நாளுக்கு நாள் எழுதிவைக்கிற கணக்குப் புத்தகத்தில் மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த ஒன்பது அடிகளுக்காகத்தான் ஒருவரை மேலே கூப்பிடுவார்கள்.

*

ஸ்போகேன் மாநிலத்தின் கிழக்கு ஓரம். அந்த வாரம் அணி ஆடவேண்டிய ஊர் பிரெமர்ட்டன். மேற்கே, சியாட்டிலுக்கும் அந்தப் பக்கம், கடற்படைத் தளம் இருந்த ஊர். சியாட்டில் வரைக்கும் மட்டுமே 450 கிலோமீட்டர். அதற்குப் பிறகு கடல் குறுக்கிடும், படகுப் பயணம். நடுவில் காஸ்கேட் மலைத்தொடர். அதைக் கடக்க ஸ்னோகுவால்மி கணவாய். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம். இன்றைக்கு அங்கே அகலமான நெடுஞ்சாலை இருக்கிறது. அன்றைக்கு இருந்தது மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் பழைய ரோடு.

மேஜர் லீக் அணிகள் அப்போது ரயிலில் போயின. படுக்கை வசதியோடு, சாப்பாட்டுப் பெட்டியோடு. பி லீக்குக்கு பஸ்தான். மைனர் லீக்கில் காலம் தள்ளியவர்களிடம் கேட்டால் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதைவிட அதிகமாக பஸ்ஸைப் பற்றிப் பேசுவார்கள். ராத்திரி ஆட்டம் முடிந்ததும் ஏறி, விடிய விடிய உட்கார்ந்தபடியே தூங்கி, இறங்கி, மறுபடி மட்டையைத் தூக்குவது. ஃபார்ம் என்று எழுதுகிறோமே, அதில் பாதி முதுகுவலியின் கணக்கு. வெளியூரில் அணிகள் அதிகம் தோற்பதற்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். பஸ் இருக்கை என்று ஒன்றை அதில் சேர்த்தே ஆகவேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை பஸ் கிளம்பியது. இரண்டு ஆட்டக்காரர்கள் மனைவிமாரோடு தனியாகக் காரில் வந்துகொண்டிருந்தார்கள். பாதி வழிக்குச் சற்று மேல், மலை ஏறுவதற்கு முன்னால், எல்லென்ஸ்பர்க் என்ற ஊரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். அங்கே லோர்க்கிக்குத் தகவல் வந்தது. ஸ்போகேன் அலுவலகம் போலீஸ் மூலமாக பஸ் நிற்கும் இடத்தைப் பிடித்து ஆள் அனுப்பியிருந்தது. செய்தி இதுதான்: சான் டியேகோ பாட்ரேஸ் கூப்பிடுகிறது, உடனே போகவும். சான் டியேகோ அப்போது பசிபிக் கோஸ்ட் லீக்கில், ட்ரிபிள் ஏ படியில் இருந்த அணி. பி-யிலிருந்து ஒரே தாவலில் மூன்று படி.

செல்போன் இல்லாத காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். பஸ் எங்கே நிற்கும் என்று யூகித்து, போலீஸைப் பிடித்து, ஓடுகிற ஒரு வண்டியிலிருந்து ஒரு ஆளைத் தேடி எடுக்கிறார்கள். அரைமணி தாமதமாகியிருந்தால் பஸ் கிளம்பியிருக்கும். தகவல் சியாட்டிலில் காத்திருந்திருக்கும்.

லோர்க்கிக்கு முன்னால் இரண்டு வழி. அதே பஸ்ஸில் தொடர்ந்து போய் மேற்குக் கரையிலிருந்து தெற்கே திரும்பலாம். இல்லையென்றால் ஸ்போகேனுக்குத் திரும்பி, பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். சாமான் எல்லாம் ஸ்போகேனில் இருந்தது. அதனால் திரும்பிப் போக முடிவெடுத்தார். கூட்டாளிகளிடம் விடைபெற்றுக்கொண்டு, ரோட்டோரம் நின்று லிஃப்ட் கேட்டார். பஸ் மேற்கே போனது. அவர் கிழக்கே போனார்.

இரவு எட்டு மணி வாக்கில், தூறலில், கணவாயின் உச்சியைத் தாண்டி மேற்குச் சரிவில் பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு கார் நடுக்கோட்டைத் தாண்டி வந்ததாகவும், அதைத் தவிர்க்க வண்டியை ஒடித்ததாகவும் ஓட்டுநர் பின்னால் சொன்னார். ஓரத் தடுப்பை உடைத்துக்கொண்டு பஸ் சரிவில் சில நூறு அடி உருண்டு தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். மெல் கோல். விக் பிசெட்டி. கிறிஸ் ஹார்ட்ஜி. பாப் ஜேம்ஸ். பாப் கின்னமன். பாப் பேட்டர்சன். ஃபிரெட் மார்ட்டினஸ். ஜார்ஜ் ரிஸ்க். ஜார்ஜ் லைடன். அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் அதுவரைக்கும் நடந்த விபத்துகளில் மோசமானவற்றுள் ஒன்று.

காயங்களோடு அந்தச் சரிவில் மேலே ஏறி ரோட்டுக்கு வந்து உதவி தேடியவர் பென் ஜெராட்டி.

*

அதற்குப் பிறகு பத்திரிகைகள் ஜாக் லோர்க்கியை 'லக்கி லோர்க்கி' என்று கூப்பிட ஆரம்பித்தன. பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குத் தோதாக அவருடைய போர்க்காலக் கதைகளும் சேர்ந்தன. 1945இல் ராணுவத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது அவர் ஏறவேண்டிய விமானத்தில் ஒரு அதிகாரி இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்றும், அந்த விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்து நொறுங்கியது என்றும் சொல்வார்கள். இப்படி ஒரு ஆளைப் பத்திரிகைக்காரன் சும்மா விடுவானா? அவர் 1947இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு வந்தபோதும் 'லக்கி'தான். 1951 உலகத் தொடருக்கு அந்த அணி போனபோதும் 'லக்கி'தான்.

அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வயதான பிறகு எடுக்கப்பட்ட பேட்டிகளில் தன் பெயர் ஜாக் என்று தெளிவாகவே சொன்னார். பிழைத்தவரின் குற்ற உணர்ச்சி என்று இதை விளங்கிக்கொள்வது சுலபம். கூட இருந்த ஒன்பது பேர் செத்த கதையைப் பட்டப்பெயராகச் சுமக்க யாருக்குப் பிடிக்கும்? அது சரிதான். ஆனால் எனக்கு அந்தப் பெயரில் வேறொரு கோளாறும் தெரிகிறது.

லோர்க்கியை எல்லென்ஸ்பர்கில் இறக்கியது எது? அதிர்ஷ்டம் என்றால், ஏதோ சீட்டுக் குலுக்கி அவர் பெயர் வந்தது மாதிரி ஆகிவிடுகிறது. அப்படி நடக்கவில்லை. அவர் நன்றாக ஆடினார். ஏப்ரல், மே, ஜூன் முழுக்க, பாதி வெளிச்சம் உள்ள மைதானங்களில், பஸ்ஸில் தூங்கி எழுந்து, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு மேல் அடித்தார். அந்த 0.345தான் சான் டியேகோவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. 'லக்கி' என்ற பட்டப்பெயர் அந்த மூன்று மாத உழைப்பை அப்படியே முழுங்கிவிடுகிறது. உழைத்து ஜெயித்த ஒருத்தனைப் பார்த்து 'உனக்கு ராசிப்பா' என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி.

சரி, அப்படியென்றால் ஃபார்ம்தான் காப்பாற்றியது என்று முடித்துவிடலாமா? இங்கேதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. அப்படிச் சொன்னால் அந்த பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் ஃபார்மில் இல்லாததால் செத்தார்கள் என்று ஆகிவிடும். அது அபத்தம், அநியாயமும்கூட. பிசெட்டியின் திறமையை யாரும் சந்தேகப்படவில்லை. அவர் ஸ்போகேனுக்கு வந்ததே மேலே போவதற்காகத்தான். அவருக்கு ஓக்லாண்டிலிருந்து கூப்பாடு ஒரு மாதம் கழித்து வந்திருக்கலாம். லோர்க்கிக்கும் அந்த வாரம் கூப்பாடு வந்ததற்குக் காரணம் அவர் அடித்தது மட்டுமில்லை. எந்த ஆட்டக்காரர் எந்த ஊரில் ஆடவேண்டும் என்பதை ஆட்டக்காரர் முடிவுசெய்ய முடியாத காலம். ஒப்பந்தம் அணியிடம். மேலே ஒரு இடம் காலியாகவேண்டும், அந்தக் காலியிடம் உன் பேஸாக இருக்கவேண்டும், அலுவலகத்தில் ஒருவர் அன்றைக்குத் தொலைபேசியை எடுக்கவேண்டும். ஃபார்ம் ஒருவரைக் கதவு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தும். கதவைத் திறப்பது வேறு யாரோ.

ஆக இரண்டு கணக்கும் அரைக் கணக்கு. பட்டப்பெயர் உழைப்பை மறைக்கிறது. ஃபார்ம் பட்டியல் கதவை மறைக்கிறது.

*

இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. அது பென் ஜெராட்டி வழியாக வருகிறது.

சரிவில் ஏறிப் பிழைத்த ஜெராட்டி, ஆட்டத்தை விட்டுவிடவில்லை. மேலாளர் ஆனார். மைனர் லீக் மேலாளர் என்றால் வாழ்க்கை முழுக்க பஸ். அவருக்கு பஸ் என்றால் நடுக்கம். பயணம் முழுக்கக் குடித்துக்கொண்டே வருவார் என்று அவரோடு பயணித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருந்தும் ஏறினார்.

1953இல் அவர் தெற்கே ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் அணிக்கு மேலாளர். அந்த வருஷம்தான் அந்த லீக்கில் முதல்முறையாகக் கறுப்பின ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். ஜாக்சன்வில்லில் மூன்று பேர்: ஃபெலிக்ஸ் மண்டியா, ஹோரஸ் கார்னர், அப்புறம் 19 வயது ஹாங்க் ஆரன். இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த ஊர்கள். பஸ் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றால் மூன்று பேரும் உள்ளே போகமுடியாது. பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பார்கள், யாராவது வாங்கிவந்து கொடுப்பார்கள். தங்குவதும் தனியாக, ஊரின் கறுப்பினப் பகுதியில் ஏதாவது ஒரு வீட்டில். ஜெராட்டி அங்கே தேடிப் போவார். உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார். ஆரன் பிற்காலத்தில், தான் பார்த்த மேலாளர்களிலேயே சிறந்தவர் ஜெராட்டி என்று சொன்னார். 755 ஹோம் ரன் அடித்து, பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டிய ஆள் சொன்னது அது.

அந்தப் பருவத்தில் ஆரனின் சராசரி 0.362. ஹோம் ரன் 22. லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. ஃபார்ம் என்றால் இதுதான் ஃபார்ம். அடுத்த வருஷம் மில்வாக்கி பிரேவ்ஸ் அணியில் அவருக்கு இடம் இருந்ததா? இல்லை. இன்னொரு வருஷம் மைனர் லீக்கில் இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு. 1954 மார்ச்சில், பயிற்சி ஆட்டம் ஒன்றில், மில்வாக்கியின் பாபி தாம்சன் சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். அந்த இடத்துக்கு ஆரன் வந்தார். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

பாபி தாம்சன் யார்? 1951இல் ஜயண்ட்ஸ் அணியை உலகத் தொடருக்குக் கொண்டுபோன அந்தப் புகழ்பெற்ற ஹோம் ரன்னை அடித்தவர். அந்த அணியில் ஓரத்து பெஞ்சில் இருந்தவர் ஜாக் லோர்க்கி. மைனர் லீக் உலகம் அவ்வளவு சின்னது. எல்லாரும் எல்லாருடைய பஸ்ஸிலும் ஏதோ ஒரு வருஷம் ஏறியிருப்பார்கள்.

ஆரனை யாரும் 'லக்கி ஆரன்' என்று சொன்னதில்லை. ஒரு கணுக்கால் உடைந்ததால் கதவு திறந்தது என்பது அவருடைய கதையில் ஒரு சுவாரசியமான வரி, அவ்வளவுதான். ஏன்னா அவர் அதற்குப் பிறகு 23 பருவம் ஆடினார். லோர்க்கி மேஜர் லீக்கில் மொத்தம் ஆடியது 354 ஆட்டம், சராசரி 0.242. சாதாரணக் கணக்கு. பெரிய ஆளாக ஆகியிருந்தால் எல்லென்ஸ்பர்க் கதை அவருடைய திறமைக்கு முன்னுரையாக மாறியிருக்கும். ஆகாததால் அதுவே முழு வாழ்க்கையாகிவிட்டது. பின்னால் வருகிற எண்களை வைத்துத்தான் முன்னால் நடந்ததற்குப் பெயர் வைக்கிறோம்.

ஜெராட்டி 1963இல் இறந்தார். 50 வயது. மேஜர் லீக் அணி எதற்கும் அவர் மேலாளர் ஆகவில்லை. அவருக்குக் கடைசிவரை கதவு திறக்கவில்லை.

*

ஸ்போகேன் அணி என்ன ஆனது? ஜூலை தொடக்கத்தில் மறுபடி ஆடியது. மற்ற அணிகள் ஆள் கடன் கொடுத்தன. இறந்தவர்களின் குடும்பங்களுக்காக நாடெங்கும் பணம் திரட்டினார்கள். லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கடன் வாங்கிய ஆட்களோடு அந்தப் பருவத்தை முடித்தார்கள். எட்டு அணிகளில் ஏழாவது இடம்.

பழைய புள்ளிவிவரப் பக்கங்களைத் திறந்தால் 1946 வெஸ்டர்ன் இன்டர்நேஷனல் லீக் பட்டியல் இன்றும் கிடைக்கும். ஸ்போகேன், ஏழாவது. மற்ற எந்த மோசமான பருவத்தையும் போலவே அந்த வரி இருக்கும். பருவத்தின் நடுவே அணி இல்லாமல் போய்விட்டது என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. தனி ஆட்களின் பக்கங்களும் அப்படித்தான். ஒன்பது பேருக்கும் 1946 என்று ஒரு வரி இருக்கும், இத்தனை ஆட்டம், இத்தனை அடி என்று. அதற்குக் கீழே காலி. பேஸ்பாலில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இப்படிக் கடைசி வரி உண்டு. ஆட்டம் வரவில்லை என்று விட்டுப்போனவர்கள், காயம் பட்டவர்கள், கல்யாணம் செய்துகொண்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்தவர்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிக் காலியிடம்தான்.

1948 ஜூலையில் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் டியூக்ஸ் என்ற சி லீக் அணியின் பஸ் ஒரு லாரியோடு மோதியது. மேலாளர் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். அந்த அணியும் ஆள் கடன் வாங்கி ஆடியது. பட்டியல் அங்கேயும் நிற்கவில்லை.

*

ஸ்போகேன் இண்டியன்ஸ் இப்போதும் இருக்கிறது. கொலராடோ ராக்கீஸின் கிளை அணி, ஹை ஏ படியில். 2021இல் மேஜர் லீக் நிர்வாகம் மைனர் லீக்குகளைக் கையில் எடுத்து, நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களின் அணிகளைக் கழற்றிவிட்டு, 120 அணிகளாகச் சுருக்கியது. அப்போது பெரும்பாலான லீக்குகளில் பயணத்தையும் மாற்றியமைத்தார்கள். ஒரு ஊருக்குப் போனால் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம். திங்கட்கிழமை விடுமுறை, அல்லது பஸ். 2022இல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் ஹை ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 27,300 டாலர் ஆனது. அதுவே பெரிய முன்னேற்றம் என்றால், முன்னே எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்குங்க.

மாறாதது ஒன்று. நன்றாக ஆடினால் இறக்கிவிடுவார்கள். ஸ்போகேனில் ஒரு பையன் மே மாதம் முழுக்க வெளுத்து வாங்கினால், ஜூனில் அவன் கிழக்குக் கரையில், டபுள் ஏ அணியான ஹார்ட்ஃபோர்டில் இருப்பான். மிச்சமிருப்பவர்கள் அவன் சேர்த்துக்கொடுத்த வெற்றிக் கணக்கோடு அடுத்த ஊருக்குப் போவார்கள். நம்ம ஊரில் இதற்குக் கொஞ்சம் நெருக்கமாக ஒன்று உண்டு. அஸ்வினும் வாஷிங்டன் சுந்தரும் இந்திய அணிக்குப் போனபிறகு தமிழ்நாடு ரஞ்சி அணி பெரும்பாலும் அவர்கள் இல்லாமல்தான் இறங்கியது. ஆனால் ரஞ்சிக் கோப்பை ஜெயிப்பதற்காகவும் ஆடப்படுவது. மைனர் லீக்கில் கோப்பை ஒரு சாக்கு. பஸ்ஸிலிருந்து இறங்குவதுதான் நோக்கம்.

அதனால்தான் அந்த நாலு வரிக் குறிப்பை நான் விடாமல் படிக்கிறேன். யார் ஃபார்மில் இருக்கிறார் என்று எழுதியிருந்தால், இவர் எந்த ஊரில் இறங்கப்போகிறாரோ என்று தோன்றும். யார் தடுமாறுகிறார் என்று எழுதியிருந்தால், இவர் கடைசி வரை பஸ்ஸில் இருப்பார் என்று தோன்றும். இரண்டில் எது நல்லது என்று அந்தத் திங்கட்கிழமை சாப்பாட்டுக் கடையில் யாருக்கும் தெரிந்திருக்காது. லோர்க்கிக்கு சந்தோஷம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் பெருமை, இருந்திருக்கும். நாளைக்கு மூன்றாம் பேஸில் யாரை நிறுத்துவது என்று மெல் கோல் யோசித்திருக்கக்கூடும். மேலாளரின் வேலை அதுதானே.

ஜாக் லோர்க்கி 2009இல், தன் 85ஆவது வயதில் இறந்தார். செய்தித்தாள்கள் இரங்கல் குறிப்பு வெளியிட்டபோது, பெயருக்கு நடுவில் மேற்கோள் குறி போட்டு, லக்கி என்றே எழுதின.